ஸ்விங் கீலை வெளிக்கடலுக்குப் பூட்டுவது எப்படி: கோவைப் பட்டறையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கோவையிலிருந்து கொச்சி சுமார் 190 கிலோமீட்டர். வாளையார், பாலக்காடு, திருச்சூர் என்று தேசிய நெடுஞ்சாலை 544-ல் படகை ட்ரெய்லரில் இழுத்துப் போனால்தான் நமக்குக் கடல். அதனால் கொங்கு நாட்டில் பாய்மரப் படகு வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர் கடைசியில் ஸ்விங் கீல் வைத்த படகிடம்தான் போய் நிற்பார். கீல் என்பது படகின் அடியில் நின்று அதை நிமிர்த்தி வைக்கும் கனத்த தகடு; ஸ்விங் கீல் அதை மேலே மடக்கக்கூடிய வகை. கீலை மடக்கிவிட்டால் படகு ட்ரெய்லரில் தாழ்வாக உட்காரும். இடுப்புக்குக் கீழான தண்ணீரிலேயே இறக்கிவிடலாம். வேம்பநாட்டுக் காயலின் சேற்றுத் திட்டில் இடித்தாலும் கீல் தானாகப் பின்னால் எழுந்து வழிவிடும்.

காயலில் நம்மைக் காப்பாற்றும் இந்தக் குணம்தான் வெளிக்கடலில் நமக்கு எதிரி. கீழிருந்து தள்ளினால் மேலே போகிற கீல், படகு கவிழ்ந்தாலும் அதே வழியில்தான் போகும்.

காட்டலினா 22 படகை எடுத்துக்கொள்வோம். ஃபிராங்க் பட்லர் வடிவமைப்பில் 1969-ல் வெளிவந்த ட்ரெய்லர் படகு இது. இந்த வகைக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம். அதன் ஸ்விங் கீல் சுமார் 250 கிலோ வார்ப்பிரும்பு. படகின் மொத்த எடையே ஒரு டன்னை ஒட்டித்தான். கீலை மடக்கினால் படகுக்கு 0.6 மீட்டர் ஆழம் போதும், இறக்கினால் 1.5 மீட்டர் வேண்டும். இவ்வளவு பெரிய இரும்பை முன்பக்கத்தில் ஒரே ஒரு பின் (குறுக்கே செருகிய உருளைக் கம்பி; கீல் சுழலும் இந்த இடம்தான் பிவட்) தாங்குகிறது, தூக்குவதற்கு ஒரு கம்பி இருக்கிறது. கீழே இறங்கிய கீலை அங்கேயே பிடித்து வைப்பது பெரும்பாலும் அதன் சொந்த எடைதான்.

படகு நிமிர்ந்திருக்கும் வரை அது போதும். ஒரு அலை படகை 90 டிகிரிக்கு மேல் புரட்டினால் அந்த எடை கட்சி மாறிவிடுகிறது. கீல், மடங்கும்போது ஒதுங்கும் தன் பெட்டிக்குள் திரும்பி விழும். 250 கிலோ இரும்பு ஃபைபர் பெட்டியின் கூரையில் மோதினால் பெட்டி பிளக்கலாம்; பிளந்தால் படகுக்குள் தண்ணீர். பெட்டி தாங்கிக்கொண்டாலும் இன்னொரு கெடுதல் உண்டு. படகைத் திருப்பி நிமிர்த்த வேண்டிய எடை உடலோடு ஒட்டிக்கொள்வதால், படகு தலைகீழாகவே நிலையாக மிதக்கத் தொடங்கிவிடும்.

பூட்டைப் பற்றிப் பேசும் முன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய விதிப்படி படகுகளுக்கு ஏ, பி, சி, டி என்று நான்கு தரம் உண்டு. சி என்றால் பியூஃபோர்ட் என்ற காற்று வேக அளவில் 6 வரை காற்று, 2 மீட்டர் வரை அலை. பி என்றால் 8 வரை காற்று, 4 மீட்டர் அலை. எவ்வளவு அழகாகப் பூட்டினாலும் உங்கள் ட்ரெய்லர் படகை சி-க்கு மேல் நினைத்துக்கொள்ளாதீர்கள். 2018-ல் இந்திய மாலுமி அபிலாஷ் டோமி, தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பாய்மரப் பந்தயத்தில் தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் சிக்கி, படகு புரண்டு, பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் அடிபட்டார். அந்தப் பந்தயத்தில் மடங்காத, நீளமான நிலைக் கீல் உள்ள படகுகளுக்கு மட்டுமே இடம். அப்பேர்ப்பட்ட படகுக்கே அந்தக் கதி. கொச்சியிலிருந்து நல்ல பருவத்தில் பகல் நேரத்தில் கரை மறையும் தூரம் போய்த் திரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு லட்சத்தீவுக்குக் கிளம்ப வேண்டாம்.

பூட்டுக்கு முன்னால் பிவட்

ஸ்விங் கீலைப் பூட்ட வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது போல்ட்டைத்தான். நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். பிவட் தேய்ந்திருக்கும் கீலுக்குப் பூட்டுப் போடுவது, நிலையில் ஆடும் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் அடிப்பது போல. கீல் ஒவ்வொரு அலைக்கும் உள்ளே ஆடி, பூட்டின் துளையைச் சுத்தியல் மாதிரி அடித்து அடித்தே பெரிதாக்கிவிடும்.

படகைப் பட்டறையில் இரண்டு செயின் பிளாக்கில் அகலமான பெல்ட் போட்டுத் தூக்குங்கள். முன் பெல்ட்டும் பின் பெல்ட்டும் உள்ளே பல்க்ஹெட் (குறுக்குச் சுவர்) இருக்கும் இடத்துக்கு நேராக வரட்டும். வெறும் ஃபைபர் தோலில் இருத்தினால் நசுங்கும். தூக்கியதும் படகுக்குக் கீழே மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுங்கள். கீலை இறக்கும்போது கீழே ட்ராலி ஜாக்கும் கட்டையும் இருக்க வேண்டும். பழைய தூக்கு கம்பியை நம்பி கீலுக்குக் கீழே ஒருவரும் படுக்கக் கூடாது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம்.

கீல் முழுதாக இறங்கியதும் அதன் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஒரு விரல் அகலத்துக்கு மேல் ஆடினால் பிரித்தே ஆக வேண்டும். ஆடாவிட்டாலும், வெளிக்கடலுக்குப் போகும் எண்ணம் இருந்தால் முதல் தடவை பிரித்துப் பார்ப்பதுதான் முறை. பின் வெளியே வந்தால்தான் உண்மை தெரியும். ஆவாரம்பாளையத்தில் ஒரு டர்னர் அண்ணனிடம் இப்படிக் கழற்றிய பின்னைக் கொடுத்தபோது, அவர் வெர்னியரை எடுக்கவே இல்லை. விரல் நகத்தை மேலே ஓட்டிவிட்டு, “ஏனுங் தம்பி, இது போர்வெல் மோட்டார் சாஃப்டாட்டவே தேஞ்சிருக்குதுங்க. நடுவுல பாருங்க, இடுப்பு மாதிரி ஒல்லியாயிருச்சு” என்றார். நகம் தட்டும் அளவு பள்ளம் இருந்தால் பின்னை மாற்றுங்கள். மேலே வெல்டிங் நிரப்பிக் கடைந்து போடும் வேலை இங்கே வேண்டாம்.

அடுத்து கீலில் இருக்கும் துளை. கடல் தண்ணீரில் வார்ப்பிரும்பும் வெண்கலமும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு எப்போதும் இரும்பின் பக்கம்தான். அதனால் துளை முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். அதை போரிங் செய்து வட்டமாக்கி, கன்மெட்டல் என்ற வெண்கல வகையில் புஷ் இறக்குங்கள். புஷ்ஷின் வெளிப்பக்கத்தில் எபாக்ஸி பூசி இறக்கினால் இரும்புக்கும் வெண்கலத்துக்கும் இடையே தண்ணீர் புகாது. பம்புக்குப் புஷ் அடிக்கும் ஊர் நம்முடையது. இந்த வேலைக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

ஆனால் உலோகத்தில் மட்டும் பட்டறைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாதீர்கள். கிணற்றுத் தண்ணீருக்குப் பழகிய கை, பித்தளைக் கம்பியைக் காட்டி “இதுவே போதுங்க” என்று சொல்லும். கடலில் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய், பார்க்க முழுதாகவும் உள்ளே சொத்தையாகவும் இருக்கும். பிவட் பின்னுக்கு அலுமினியம் பிரான்ஸ் அல்லது 316 ஸ்டெயின்லெஸ். கேட் கிரில்லுக்குப் போடும் 202-ஐயும், சமையல்கூட 304-ஐயும் கிட்டவே சேர்க்காதீர்கள். 316-ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. உப்பு நீரில் குழி விழாமல் காப்பது அதுதான். காந்தம் வைத்து 304-ஐயும் 316-ஐயும் பிரித்தறிய முடியாது. ஸ்டீல் கடைகளில் மாலி டெஸ்ட் திரவம் வைத்திருப்பார்கள், ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பியோடு டெஸ்ட் சர்ட்டிபிகேட் வாங்கினால் இன்னும் நல்லது.

316-க்கும் ஒரு பலவீனம் உண்டு. காற்றோட்டமில்லாத தேங்கிய உப்பு நீரில், இடுக்குகளில் அதுவும் அரிக்கும். கீல் பெட்டியின் உட்புறம் அப்படிப்பட்ட இடம்தான். ஆகவே எதைப் போட்டாலும் வருடம் ஒருமுறை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

கீலுக்கும், பிவட் பின்னைப் படகோடு பிடித்து நிறுத்தும் ஹேங்கருக்கும் இடையிலான பக்கவாட்டு இடைவெளியை வாஷர் வைத்து நிரப்புங்கள். நைலான் வேண்டாம், தண்ணீர் குடித்து ஊதி கீலைப் பிடித்துக்கொள்ளும். டெல்ரின் அல்லது எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் சரியாக இருக்கும். ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஹேங்கர் போல்ட்டுகளைப் பழையதையே திருப்பிப் போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம். கீலின் முழு எடையும் அந்த நான்கைந்து போல்ட்டில் தொங்குகிறது.

பெட்டியின் சுவர்

கீலைக் கழற்றி வைத்திருக்கும் இந்த நேரத்தில் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மூலைகளில் மெல்லிய விரிசல், ஜெல்கோட் என்ற மேல்பூச்சில் நட்சத்திர வெடிப்பு, கீல் உரசிய பளபளப்பான தடம் மூன்றையும் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே, கேபினுக்குள் பெட்டிச் சுவரை நாணயத்தால் தட்டினால் ‘டிங்’ என்று கேட்க வேண்டும். ‘டொக்’ என்றால் அடுக்கு பிரிந்திருக்கிறது.

விரிசல் உள்ள இடத்தை வெறும் ஃபைபர் தெரியும் வரை அரைத்து, ஆழத்தைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவு எடுத்து, எபாக்ஸியில் பைஆக்ஸியல் (இரு திசை இழை) ஃபைபர் துணி போட்டு அடுக்குங்கள். பாலியஸ்டர் படகின் மேல் எபாக்ஸி ஒட்டும். எபாக்ஸியின் மேல் பாலியஸ்டர் சரியாக ஒட்டாது. ஆகவே ஒருமுறை எபாக்ஸியில் இறங்கினால் கடைசி வரை அதுதான்.

நம்ம ஊர் சித்திரை வெயிலில் எபாக்ஸி வேலை செய்கிறவருக்கு ஒரு எச்சரிக்கை. வெப்பம் 10 டிகிரி ஏறினால் கலவை கையில் நிற்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். மதியத்தில் ஒரு மக் நிறையக் கலக்கினால் துணி நனைவதற்குள் புகை கிளம்பும். விடியற்காலையில், சின்னச் சின்னதாகக் கலந்து, அகலத் தட்டில் ஊற்றிப் பரப்பி வேலை செய்யுங்கள். ஐப்பசி மழையில் என்றால் தொல்லை வேறு மாதிரி: காய்ந்த மேற்பரப்பில் மெழுகு போல ஒரு பிசுபிசுப்பு படியும். தண்ணீரும் ஸ்காட்ச் பிரைட்டும் போட்டுக் கழுவிய பிறகே அடுத்த அடுக்கு.

கீல் பெட்டியிலிருந்து படகின் இரு பக்கமும் குறுக்குச் சட்டங்கள் போகின்றனவா என்றும் பாருங்கள். படகு 90 டிகிரிக்குச் சாயும்போது கீல் பெட்டியைப் பக்கவாட்டில் நெம்பும். அந்த விசையை உடலுக்குக் கடத்துவது இந்தச் சட்டங்கள்தான். கேபினில் கால் வைக்க இடம் வேண்டும் என்று முந்தைய உரிமையாளர் யாராவது அறுத்து எடுத்திருந்தால் திரும்பக் கட்டுங்கள். பூட்டைவிட இது முக்கியம்.

பூட்டின் மேல் எவ்வளவு விசை?

கணக்கு எளிது. 250 கிலோ கீலின் ஈர்ப்பு மையம் பிவட்டிலிருந்து 0.6 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீல் கிடைமட்டமாக வரும் மோசமான நிலையில் திருப்பு விசை 250 × 0.6 = 150 கிலோ-மீட்டர் (கிலோவை மீட்டரால் பெருக்கிய அளவு, தூரம் அல்ல). பூட்டுப் பின் பிவட்டிலிருந்து 0.2 மீட்டரில் இருந்தால் அதன் மேல் வருவது 750 கிலோ. அதே பின்னை 0.3 மீட்டருக்குத் தள்ளினால் 500 கிலோதான். பின்னைத் தடிமனாக்குவதைவிடத் தள்ளிப் போடுவது அதிகப் பலன் தரும் என்பது இதிலேயே தெரிகிறது.

அலையில் இது நிதானமாக வரும் சுமை அல்ல, அடியாக வரும். ஆகவே மூன்று மடங்கு எடுத்துக்கொள்கிறேன்: 0.2 மீட்டரில் 2,250 கிலோ. 12 மில்லிமீட்டர் சாதாரண 316 கம்பி, இரு சுவரும் பிடித்திருக்கும் நிலையில், சுமார் 2,700 கிலோ வரை வெட்டு விசையைத் தாங்கும். கணக்குப்படி போதும். ஆனால் சுவருக்கும் கீலுக்கும் நடுவில் இடைவெளி இருப்பதால் பின் வளையவும் பார்க்கும். 16 மில்லிமீட்டர் போட்டால் தாங்கும் அளவு 4,800 கிலோவுக்கு மேல் போய்விடும். 16-ஐயே போடுங்கள்.

அடுத்து சுவர். பின் தப்பித்தாலும் ஃபைபர் கிழியும். 2,250 கிலோ இரு சுவருக்கும் பிரிந்தால் ஆளுக்கு 1,125. சுவர் 6 மில்லிமீட்டர் என்றால் பின் அழுத்தும் பரப்பு 16 × 6 = 96 சதுர மில்லிமீட்டர்; சதுர மில்லிமீட்டருக்கு 11.7 கிலோ. நாள்பட்ட, நீர் ஊறிய ஃபைபரை நம்பி நான் இவ்வளவு ஏற்ற மாட்டேன். பின் நுழையும் இடத்தில் உள்ளங்கையைவிடப் பெரிதாக 10 மில்லிமீட்டர் கனத்துக்குத் துணி அடுக்கி மொத்தம் 16 ஆக்கினால் அழுத்தம் 4.4-க்கு இறங்கும். இந்தக் கனத்த பட்டையின் ஓரங்களைச் சரிவாக முடியுங்கள்.

உங்கள் கீலின் எடையும் அளவும் வேறாக இருக்கும். எடையை ஊகிக்காமல், கழற்றி வைத்திருக்கும்போதே பழைய இரும்புக் கடைத் தொங்கு தராசில் மாட்டிப் பார்த்துவிடுங்கள். ஒரு குழாயின் மேல் படுக்கவைத்து உருட்டி, எந்த இடத்தில் சமநிலை வருகிறதோ அங்கேதான் ஈர்ப்பு மையம்.

எந்தப் பூட்டு?

மூன்று வழி நடைமுறையில் இருக்கிறது.

பல படகுகளில் பெட்டியின் பக்கத்திலிருந்து ஒரு போல்ட் கீலை அழுத்திப் பிடிக்கும். நங்கூரத்தில் நிற்கும்போது கீல் ‘டொக் டொக்’ என்று தூக்கத்தைக் கெடுக்காமல் இருக்க இது அருமையான சாதனம். கவிழ்ந்தால் நிற்குமா என்றால், உராய்வை மட்டும் நம்பி 750 கிலோவை நிறுத்துவது நடக்காது. நிறுத்திவிடலாம் என்று ஸ்பானரில் குழாய் மாட்டி முறுக்கினால் பெட்டிச் சுவர்தான் உப்பும்.

இரண்டாவது, கீலைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டும் கயிறு. குறிப்பிட்ட விசைக்கு மேல் தானாக விடுவித்துக்கொள்ளும் கிளீட்டில் (கயிற்றைப் பிடிக்கும் பிடியில்) கட்டினால், தரை தட்டும்போது கீல் எழும், மற்ற நேரம் நிற்கும். காயலுக்கும் கரையோரத்துக்கும் எனக்குப் பிடித்தது இதுதான். தலைகீழ் நிலைக்கு இதுவும் போதாது.

மூன்றாவது, இரு சுவரையும் கீலையும் ஊடுருவும் பின். வெளிக்கடலுக்கு இது ஒன்றே பூட்டு. ஆனால் தரை தட்டினால் கீல் எழாது. அந்த அடி நேராகப் பெட்டிக்குப் போகும். ஆகவே ஊடுருவும் பின் வைத்தவர் ஆழம் பார்த்துத்தான் பின்னைப் போட வேண்டும், எடுக்க வேண்டும். என் ஆலோசனை: பின்னும் இருக்கட்டும், அழுத்து போல்ட்டும் இருக்கட்டும். பின் நிறுத்தும், போல்ட் ஆட்டத்தைக் கொல்லும்.

பின் போடும் வேலை, வரிசையாக

கீல் முழுதாக இறங்கினாலும் அதன் தலைப்பகுதி பெட்டிக்குள்தான் இருக்கும். துளை அங்கே வர வேண்டும். கீலின் எந்த விளிம்பிலிருந்தும் துளையின் ஓரம் 32 மில்லிமீட்டராவது தள்ளி இருக்கட்டும், அதாவது பின்னின் விட்டத்தைப் போல இரு மடங்கு. கேபினுக்குள் இருந்து கை எட்டும் இடமா, பின்னை வெளியே உருவ எதிரே இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னை உருவ வந்தால் பங்க் (படுக்கை) பலகை இடிக்கும் இடமாக இருந்தால் பிறகு தலையில் கை வைக்க வேண்டிவரும்.

முதலில் கனத்த பட்டைகளை இரு பக்கமும் போட்டுக் காயவிடுங்கள். பிறகு கீலைத் திரும்ப மாட்டி, முழுதாக இறக்கி, அதன் கடைசி நிலையில் நிறுத்துங்கள். இடப்பக்கச் சுவரில் 6 மில்லிமீட்டர் துளை போட்டு, அதே ட்ரில்லின் நுனியால் கீலில் புள்ளி குத்துங்கள். கீலை மீண்டும் கழற்றி இறக்குங்கள். இரண்டு தடவை மாட்டிக் கழற்றுவது முதுகை ஒடிக்கும் வேலைதான். அளவு நாடாவை நம்பி இதைத் தவிர்க்கப் பார்த்தவர்களின் கீலில் இரண்டு துளை இருக்கும்.

கீலில் துளையை ரேடியல் ட்ரில்லிங் மெஷினில் போடச் சொல்லுங்கள். வார்ப்பிரும்புக்குக் கூலன்ட் எண்ணெய் தேவையில்லை, உலர்வாகவே போகும். துளை 17 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் தளர்வு அலையில் பின்னை நுழைக்க உதவும், அதற்கு மேல் விட்டால் அடிக்கத் தொடங்கும். துளை போட்ட கையோடு கீல் முழுவதையும் சேண்ட் பிளாஸ்ட் செய்து, வெள்ளை உலோகம் தெரிந்த அன்றைக்கே எபாக்ஸி ப்ரைமர் அடித்துவிடுங்கள். ஒரு இரவு விட்டால் மேலே செம்பழுப்பு படர்ந்துவிடும். துளையின் உட்சுவரையும் மறக்காமல் பூசுங்கள். கீலில் ஒரு துத்தநாக ஆனோடும் (இரும்புக்குப் பதில் தான் அரிந்து காக்கும் கட்டி) போல்ட் செய்யுங்கள்.

இப்போது காலியான பெட்டியில், இடப்பக்கத்துச் சின்னத் துளை வழியாக நீள ட்ரில்லை நேராக விட்டு வலப்பக்கச் சுவரிலும் புள்ளி எடுத்து, இரண்டையும் சாக்கெட் அளவுக்குப் பெரிதாக்குங்கள்.

சாக்கெட்டுகள் டர்னர் வேலை. வலப்பக்கத்துக்கு அடி மூடிய சாக்கெட். பின்னின் நுனி அதில் போய் உட்காரும், தண்ணீர் கேபினுக்கு வராது. இடப்பக்கத்துக்கு இருபுறமும் திறந்த, உள்ளே மரை வெட்டிய சாக்கெட். இதைக் கன்மெட்டலில் செய்யுங்கள். ஸ்டெயின்லெஸ் மரை ஸ்டெயின்லெஸ் மரைக்குள் போனால் இறுக்கும்போதே சிக்கி வெல்டிங் அடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் அகலமான விளிம்பு வேண்டும். பின் ஒரே துண்டு: தலைப்பக்கம் எம் 24 மரையும் ஓ-ரிங் பள்ளமும், அடுத்து 16 மில்லிமீட்டர் வழுவழுப்பான தண்டு, நுனியில் கூம்பு. அதே எம் 24 மரையில் ஒரு மூடியும் கடைந்து வாங்குங்கள். கீல் பெட்டிக்குள் தண்ணீர் வெளிக்கடல் மட்டத்தில்தான் நிற்கும். துளை அதற்குக் கீழே இருந்தால் பின்னை உருவிய நொடியே தண்ணீர் பீய்ச்சும். மூடி கைக்கு எட்டும் தூரத்தில் கயிற்றில் கட்டியிருக்கட்டும். பக்கத்திலேயே ஒரு மர அடைப்பானும்.

சாக்கெட்டுகளை ஒட்டும்போது பின்னை நன்றாக மெழுகு தடவி இரண்டுக்குள்ளும் நுழைத்து வைத்தே ஒட்டுங்கள். அப்போதுதான் இரண்டும் ஒரே கோட்டில் நிற்கும். எபாக்ஸி இறுகியதும் பின்னைத் திருகி எடுத்துவிடலாம். மெழுகை மறந்தால் எடுக்க முடியாது. விளிம்புகளுக்கு மேல் இரண்டு அடுக்குத் துணி போட்டு மூடுங்கள்.

பின் இருக்கும் இடத்தில் கீலின் இருபுறமும் எச்.டி.பி.இ. பட்டைகள் வைத்து, பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் மட்டும் இடைவெளி வரும்படி செய்யுங்கள். பின் வளையாமல் இருக்க இதுதான் உதவும். எச்.டி.பி.இ.-யில் சாதாரணப் பசை ஒட்டாது. தலை உள்ளடங்கிய 316 ஸ்க்ரூவால் கனத்த பட்டையில் திருகுங்கள். ஸ்க்ரூ சுவரைத் தாண்டி மறுபக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது.

கம்பி, வின்ச், ஹோஸ்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். கீலைத் தூக்க 7×19 முறுக்குள்ள (19 இழை கொண்ட 7 புரி) 316 கம்பி போடுங்கள். துணியால் பிடித்து உருவும்போது ஒரு இழை குத்தினாலும் மாற்றுங்கள். கீல் மேலே இருக்கும்போது கம்பி அறுந்தால், கவிழாமலேயே பெட்டியை உடைக்க அந்த ஒரு வீழ்ச்சி போதும். கம்பி படகுக்குள் நுழையும் ரப்பர் ஹோஸும் கிளாம்பும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் துவாரம். ஹோஸ் வெடித்திருந்தால் தையல் போடாமல் புதிது மாட்டுங்கள், இரு முனையிலும் இரண்டிரண்டு கிளாம்ப்.

பின் உள்ளே இருப்பதை மறந்து யாராவது, கம்பியைச் சுருட்டிக் கீலைத் தூக்கும் வின்ச்சைச் சுற்றினால் கம்பி அறும் அல்லது பின் வளையும். இதற்கு எச்சரிக்கைப் பலகை எழுதி ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. வின்ச் கைப்பிடியையும் பின்னின் மூடியையும் ஒரே கயிற்றில் கட்டி, பக்கத்தில் ஒரு கொக்கி அடித்துவிடுங்கள். மூடி கொக்கியில் தொங்கினால் பின் உள்ளே இருக்கிறது, கைப்பிடியைத் தொடாதே. படகில் புதிதாக ஏறியவருக்கும் இது புரியும்.

பட்டறையிலேயே சோதனை

கடலில் போய்ச் சோதிக்க வேண்டிய விஷயமில்லை இது. படகு செயின் பிளாக்கில் தொங்கட்டும், கீல் இறங்கி, பின் போட்டிருக்கட்டும். கீலின் நுனியில் பெல்ட் கட்டி, நடுவில் டிஜிட்டல் தொங்கு தராசு மாட்டி, இன்னொரு செயின் பிளாக்கால் பின்னோக்கிக் கிடைமட்டமாக இழுங்கள். படகு கூடவே வராதபடி முன்பக்கம் தூணில் கட்டிக்கொள்ளுங்கள். நமது கணக்கில் திருப்பு விசை 150 கிலோ-மீட்டர். நுனி பிவட்டிலிருந்து 1.2 மீட்டர் என்றால் 125 கிலோ இழுத்தாலே நாம் கணக்கிட்ட மோசமான நிலையின் நிதானச் சுமை வந்துவிடும். 190 கிலோ வரை இழுத்து ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். பெட்டிக்குள் ‘படக்’ என்று ஏதாவது சத்தம், பட்டையின் ஓரத்தில் வெள்ளைக் கோடு, விட்டபின் பின்னைக் கையால் உருவ முடியாத நிலை இவற்றில் ஒன்று தெரிந்தாலும் திரும்பப் பிரிக்க வேண்டியதுதான். பக்கவாட்டிலும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அப்போது கவனிக்க வேண்டியது ஹேங்கரையும் குறுக்குச் சட்டத்தையும்.

அடுத்து நீர்க்கசிவு. கீல் பெட்டியின் அடிவாயைப் பலகையும் நுரை ரப்பரும் வைத்து அடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, ஒரு இரவு விட்டுவிட்டால் காலையில் சாக்கெட் யோக்கியதை தெரிந்துவிடும்.

கொச்சியில் இறங்கிய பிறகு

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பேச்சே வேண்டாம். கேரளக் கரையில் ட்ராலர்களுக்கே ஜூன் 9 முதல் ஜூலை 31 வரை தடை. ஆடியில் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் சுழலும் வேகத்தைப் பார்த்தாலே அந்தப் பக்கக் கடல் எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம். கார்த்திகை முதல் மாசி வரை நமக்கு ஏற்ற காலம். கிளம்பும் முன் இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பில் அலை உயரத்தைப் பாருங்கள். 2 மீட்டரை நெருங்கினால் காயலிலேயே ஓட்டிவிட்டு வாருங்கள்.

தண்ணீரில் இறக்கி, ஆழமான இடத்துக்கு வந்ததும் கீலை மெதுவாக இறக்குங்கள். கம்பி தளர்ந்ததும் கீல் அடியில் உட்கார்ந்துவிட்டதென்று பொருள். பாய் விரிக்கும் முன்பே, படகு நேராக நிற்கும்போதே பின்னைப் போட்டுவிடுங்கள். படகு சாய்ந்தபின் துளைகள் நேருக்கு நேர் வராது. மூடியைத் திருகி எடுத்ததும் தண்ணீர் வரும், பதற வேண்டாம். பின்னை நுழைத்து மரை பிடித்ததும் நின்றுவிடும். பிறகு அழுத்து போல்ட்டைக் கைப்பலத்துக்கு மட்டும் இறுக்குங்கள்.

ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவே போகும் கப்பல் வழி, பெரிய கன்டெய்னர் கப்பல் வரும் ஆழத்துக்குத் தோண்டப்பட்டது. அந்த வழியின் ஓரத்தோடு போனால் பின் போட்ட கீலுக்கு ஆபத்தில்லை. முகத்துவாரத்தில் வெளியேறும் வற்று நீரும் உள்ளே வரும் அலையும் மோதும் இடத்தில்தான் சின்னப் படகு புரளும் வாய்ப்பு அதிகம். ஆகவே கடலில் சேர்ந்த பிறகு பின் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். திரும்பும்போதும் உள்ளே அமைதியான நீருக்கு வரும் வரை பின் இருக்கட்டும்; காயலின் ஆழமில்லாத பகுதிக்குத் திரும்பும் முன் உருவிவிடுங்கள்.

கீல் பூட்டியிருக்கும் படகில் கேபின் கதவுப் பலகை திறந்திருந்தால் எல்லாம் வீண். புரளும்போது தண்ணீர் வருவது அந்த வழியாகத்தான். பலகையை உள்ளிருந்தும் வெளியிருந்தும் தாழிட முடிய வேண்டும். பேட்டரியையும் ஸ்டவ்வையும் பெல்ட் போட்டுக் கட்டுங்கள். வி.எச்.எஃப். ரேடியோ சேனல் 16-ல் இருக்கட்டும். கைபேசி எட்டும் தூரத்தில் கடலோரக் காவல்படையின் 1554 எண்.

போகும் வழியில் மணிக்கு ஒருமுறை கேபினுக்குள் எட்டிப் பார்த்து பின்னின் தலையைக் கையால் தொட்டுத் திருகிப் பாருங்கள். சாக்கெட்டைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று டிஷ்யூ பேப்பரால் ஒற்றுங்கள்.

கீலைத் தூக்கும்போது முதலில் பின், பிறகு அழுத்து போல்ட், அதன் பிறகே வின்ச். அழுத்து போல்ட்டைத் தளர்த்தாமல் தூக்கினால் கம்பிதான் பலி. ட்ரெய்லரில் ஏற்றிய பிறகு கீலின் எடை ட்ரெய்லரின் கட்டையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கம்பியில் தொங்கவிட்டபடி குதிரான் சுரங்கம் வரை கூட ஓட்டாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்டிக்குள் ஹோஸ் விட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கொச்சி நீரில் ஒரு வாரம் நின்றாலே பெட்டிச் சுவரில் சிப்பிப் பூச்சி ஒட்டத் தொடங்கும், காய்ந்துவிட்டால் உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். பின்னைத் துடைத்து, ஓ-ரிங்கில் சிலிக்கோன் கிரீஸ் தடவி, மூடியோடு சேர்த்துப் படகுக்குள்ளேயே வையுங்கள். மாற்று ஓ-ரிங் நாலைந்தும், உபரியாக ஒரு பின்னும் அதே டப்பாவில் இருக்கட்டும்.